கெண்டைக்கால்

ஐயா, வணக்கம்.

நான் உயிரி இயந்திரவியல் ஆராய்ச்சி மாணவி. மனிதத் தசைகளைக் கணினியில் மாதிரியாக்கி, நடையை சிமுலேஷன் செய்கிறேன். திரையில் ஒரு தசை என்பது ஒரு சிவப்புக் கோடு, அதற்கு நாலைந்து எண்கள். நாள் முழுக்க உயிரற்ற எண்களோடு கிடந்து மனிதர்களைவிட்டு விலகிப்போகிறேனோ என்று பயமாக இருக்கிறது. இலக்கியம் உதவுமா? எதிலிருந்து தொடங்கலாம்? அறிவியலைத் தமிழில் எழுத முடியுமா?

சுகன்யா

அன்புள்ள சுகன்யா,

கடைசிக் கேள்விக்கு இருபது தடவையாவது பதில் சொல்லியிருப்பேன். முடியும், எழுதுங்கள். வாசிப்புப் பட்டியல் நான் தருவதில்லை. நூலகத்துக்குப் போய்க் கைக்கு வந்ததை எடுங்கள்.

ஆனால் ‘உயிரற்ற எண்கள்’ என்றீர்களே, அது இரண்டு நாளாக உறுத்துகிறது. அவை எங்கிருந்து வந்தன என்று ஒருநாளாவது பார்த்தீர்களா? நடையை சிமுலேஷன் செய்யும் உங்கள் ஓப்பன்சிம் மென்பொருளைத் திறந்தால் உள்ளேயே இருக்கின்றன, அதனால் பார்க்கவில்லை. சரிதானே?

உங்கள் சூத்திரம் ஒரு தவளையுடையது. பாரம் கூடக் கூடத் தசை சுருங்கும் வேகம் எப்படிக் குறைகிறது என்று தவளையின் தொடைத் தசையில் அளந்து 1938ல் எழுதினார் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஏ.வி. ஹில். அந்த வளைகோடு இன்றும் உங்கள் நிரலில் ஓடுகிறது. அது போகட்டும். தசைக்குள் இருக்கும் நாரின் நீளம் யாருடையது? 2009ல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகள் அவை. இறந்துபோன 21 பேரின் கால்கள். சராசரி வயது 83. ஒவ்வொரு தசையாகப் பிரித்து எடை போட்டு, நார்க்கற்றைகளை உருவி அளந்து, லேசர் ஒளியைப் பாய்ச்சி, நாருக்குள் சுருங்கி விரியும் மிகச் சிறிய அலகான சார்க்கோமியரின் நீளம் பார்த்திருக்கிறார்கள். தொடையில் குறுக்காக ஓடும் சார்ட்டோரியஸின் நார் 40 சென்டிமீட்டர். கெண்டைக்காலின் உள்தசையான சோலியஸில் நாலரைகூட இல்லை. 2016ல் வந்த முழு உடல் கணினி மாதிரியில், தசையின் கன அளவுக்கு மட்டும் 24 இளைஞர்களின் எம்ஆர்ஐ அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். நார் நீளம் அந்தக் கிழவர் கிழவிகளுடையதேதான். திரையில் இளந்தாரி ஒருவன் ஓடுகிறானே, அவனுக்குள்ளே ஓடுவது ஒரு பாட்டி. மனிதர்களைவிட்டு விலகுகிறாராம்! காலையிலிருந்து அவர்கள் நடுவில்தானே அம்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் அப்பாவின் நினைவு நாள். அவர் தபால்காரர், முப்பது வருஷம் சைக்கிள் மிதித்தவர். கெண்டைக்கால் என்று சொன்னாலே ஒரு மீன் வந்துவிடுகிறது, இல்லையா? அப்பாவுக்கு நிஜமாகவே அப்படித்தான். கேரியரில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பேன். மிதிக்க மிதிக்க மீன் மேலேறும், கீழிறங்கும். ஏரிக்கரையில் எதிர்காற்று அடித்தால் அப்படியே இறுகி நிற்கும். பேச்சும் நின்றுவிடும்.

உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். கொண்டுபோய் ஒப்படைத்தது நான். ஊழியர் நோட்டில் பேரும் வயதும் எழுதிக்கொண்டு, கால் கட்டைவிரலில் ஒரு அட்டையைக் கட்டினார். வேட்டி விலகியிருந்தது. மீன் இல்லை, தோல்தான் தொங்கியது. கரைக்க ஒரு பிடி சாம்பல்கூட இல்லாமல் பண்ணிவிட்டாயே என்று அம்மா நாலு மாசம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அதற்கு அப்புறம்தான் இந்தத் தசை விஷயங்களையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். அங்கே அவரை எந்தப் பையன், எந்தப் பெண் பிரித்துப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எதையாவது அளந்திருந்தால் நல்லது.

நீங்கள் இலக்கியத்தைப் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். அது இருக்கட்டும். உங்கள் மாதிரியைச் சைக்கிள் மிதிக்கவிட முடியுமா? எதிர்காற்று, பழைய கனத்த சைக்கிள், கேரியரில் எட்டு வயதுப் பையன், இருபத்திரண்டு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சோலியஸ் என்ன செய்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.