தம்பியைப் ‘புனர்வாழ்வு’க்கு அனுப்பிவிடுவார்களா?

கேள்வி: சேர், நாங்கள் தர்மபுரம் பக்கம். தம்பிக்கு 26 வயது, நெல் வெட்டு மெசின் ஓடுகிறவன். போன மாதம் பொலிஸ் அவனைக் கசிப்புப் போத்தல்களோடு பிடித்தது. கோட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதவான் ஐயா மறியலுக்கு அனுப்பாமல், சமுதாயச் சீர்திருத்த உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்டு அடுத்த தவணை போட்டிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சாப்பிடுகிறா இல்லை. 2009இல் பெரியண்ணாவைப் புனர்வாழ்வு என்று கொண்டுபோய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் விட்டவர்கள். இவனையும் அப்படிக் கொண்டுபோவார்களா? கோட்டு வாசலில் ஒருவர் 30,000 ரூபா தந்தால் அறிக்கையை நல்லபடி எழுதுவிக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா? மூன்று வருடத்துக்கு முதல் திருவிழாவில் நடந்த அடிபிடி ஒன்றில் தம்பிக்கு ஆறு மாத ஒத்திவைத்த சிறை கிடைத்தது. அது முடிந்த கதை.
– ஒரு சகோதரி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். உங்கள் தம்பியை எந்த முகாமுக்கும் கொண்டுபோகும் பேச்சு இதில் இல்லை. நீதவான் யோசிக்கிற சமுதாயச் சீர்திருத்த உத்தரவு கிடைத்தால் அவன் உங்கள் வீட்டில்தான் படுப்பான், உங்கள் கையால்தான் சாப்பிடுவான்.

அம்மா பயந்ததில் பிழை சொல்ல மாட்டேன். வன்னியில் ‘புனர்வாழ்வு’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் செல்லாது. போர் முடிந்த பிறகு ஏறத்தாழ 12,000 பேர் அந்தச் சொல்லின் பெயரில் முகாம்களுக்குப் போனார்கள். பூந்தோட்டம் என்று சொன்னால் இன்றைக்கும் பாதி வன்னிக்கு வவுனியாவில் இருக்கிற ஒரு ஊர் ஞாபகம் வராது, முள்ளுக்கம்பிதான் ஞாபகம் வரும். பிறகு 2023இல் புனர்வாழ்வுப் பணியகத்துக்கென்று தனிச் சட்டமே வந்தது. போதைக்கு அடிமையானவர்களை அனுப்புகிற கந்தகாடு போன்ற இடங்களின் கதைகளும் காதில் விழுகின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே பயமாகிவிட்டது.

நீதவான் சொன்னது வேறு சட்டம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் என்று அதற்குப் பெயர். பெயரை வைத்தவர் யாரோ தெரியாது, வாய்க்குள் நுழையாத ஒரு பெயரை வைத்துவிட்டுச் சனம் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இது நீதி அமைச்சின் கீழுள்ள ஒரு திணைக்களத்தின் வேலை. இராணுவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கொழும்பில் இந்தச் சட்டம் நிறைவேறிய வருடத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் புலிகளின் கோடுதான் நடந்தது என்பது உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே எங்கள் பக்கத்துக்கு இது பத்து வருடம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. வந்த பிறகும் யாரும் சனத்துக்கு இருந்து விளங்கப்படுத்தவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், சின்னக் குற்றத்துக்கு ஒருவரை மறியலில் போடுவதற்குப் பதிலாக ஊரிலேயே வைத்துத் தண்டனையை முடிக்க வைக்கிற வழி இது. கட்டாயம் இவ்வளவு காலம் உள்ளே இருக்கத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லாத குற்றமாகவும், இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைக்குரியதாகவும் இருந்தால் நீதவான் இதை யோசிக்கலாம். கசிப்பு வழக்குகள் பெரும்பாலும் இதற்குள் வரும். இரண்டு கிராம் ஹெரோயினோடு, ஐந்து கிராம் ஐஸோடு பிடிபட்டவனுக்கு இந்தக் கதவு இல்லை. அதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அந்த வழக்கையும் ‘சமுதாய வேலையாக மாற்றித் தருகிறேன்’ என்று காசு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நீதவான் கேட்டிருக்கிற அறிக்கையை எழுதுவதற்கு உத்தியோகத்தர் தம்பியோடு கதைப்பார். வீட்டுக்கும் வரக்கூடும். யார் யார் இருக்கிறீர்கள், என்ன தொழில், அவன் குடிக்கிறவனா, விற்றதோடு சரியா, கடன் எவ்வளவு, முன்னம் வழக்கு இருந்ததா என்று கேட்பார். விதானையாரிடமும் விசாரிக்கலாம். அவர் வருகிறார் என்று வீட்டைக் கூட்டி, கதிரைக்குத் துணி விரித்து, தம்பிக்கு நெற்றி நிறைய வீபூதி பூசி இருத்த வேண்டாம். அப்படி எத்தனையோ வீடுகளை அவர் பார்த்திருப்பார். ஏன் கசிப்பு எடுத்தான் என்பதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். வெட்டு இல்லாத மாதங்களில் கையில் காசில்லை, லீசிங்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் அதையே சொல்லுங்கள். அவனுக்கு எது பொருந்தும் என்று தீர்மானிக்க அந்தத் தகவல்தான் உதவும்.

உத்தரவு கிடைத்தால் வைத்தியசாலை வளவு, பள்ளிக்கூடம், அரச அலுவலகம் போன்ற பொது இடமொன்றில் சம்பளமில்லாத வேலை. குறித்த நாட்களில் உத்தியோகத்தரிடம் போய் முகம் காட்ட வேண்டும். தேவையென்றால் குடியை விடுவதற்கான ஆலோசனை, தொழிற்பயிற்சி. ஊரார் பார்ப்பார்கள்தான். பார்க்கட்டும். மறியலுக்குப் போய் வந்தவனை ஊர் பார்க்கிற பார்வை இதைவிடப் பொல்லாதது. இன்னொன்று, உள்ளே பத்து நாள் இருந்தால் கசிப்புக்காரன் கஞ்சாக்காரனோடு சிநேகிதமாகித்தான் வெளியே வருவான். எங்கள் சிறைகளில் இருக்க வேண்டியவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் ஒரு பெரும் பங்கு தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போனவர்கள். நாலாயிரம், ஐயாயிரம் கட்ட முடியாதவனை உள்ளே வைத்துச் சோறு போட அரசாங்கம் அதைவிடக் கூடச் செலவழிக்கிறது. இந்தக் கணக்கை யாரும் பார்க்கிறதாகத் தெரியவில்லை. (தம்பிக்குத் தண்டமும் விதித்தால், தவணை முறையில் கட்ட அனுமதி தாருங்கள் என்று அன்றைக்கே கேளுங்கள். வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.)

இனி அந்த 30,000.

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்த மனிசன் எப்படிப் பிழைக்கிறான் என்று சொல்கிறேன். முதல் தடவை பிடிபட்ட, தொழில் செய்கிற, குடும்பத்தோடு இருக்கிற பெடியன் ஒருவனுக்கு அறிக்கை பெரும்பாலும் சாதகமாகத்தான் வரும். நீதவான் அறிக்கை கேட்டதே அந்த யோசனை அவர் மனதில் இருப்பதால்தான். ஆகவே புரோக்கர் ஒன்றும் செய்யாமலேயே பத்தில் ஏழெட்டு வழக்கு நல்லபடி முடியும். அந்தக் காசை அப்படியே பொக்கற்றில் போடுவான். பிழைத்துப்போன இரண்டு மூன்று பேரிடம், ‘உத்தியோகத்தர் கடைசி நேரத்தில் மாறிவிட்டார்’ என்று சொல்லிப் பாதிக் காசைத் திருப்பிக் கொடுப்பான். காசைத் திருப்பித் தந்த நல்ல மனிசன் என்று அவர்களே அவனுக்கு அடுத்த ஆளைக் கூட்டி வருவார்கள். அந்த உத்தியோகத்தரின் முகத்தைக்கூட அவன் கண்டிருக்க மாட்டான். நான் கோட்டுக்குப் போய்வரத் தொடங்கிய காலத்தில் இருந்து அதே மரத்தடியில் அதே வியாபாரம் நடக்கிறது. ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள், ஒருவர் செத்தபிறகு மகன் வந்து நிற்கிறார்.

ஒருவேளை அவனுக்கு உண்மையிலேயே உள்ளே ஆள் இருந்தால்? அது இன்னும் மோசம். இலஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்கினவனோடு சேர்த்துக் கொடுத்த நீங்களும் அகப்படுவீர்கள். கசிப்பு வழக்கோடு போக வேண்டியது இலஞ்ச வழக்காகிவிடும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், அறிக்கையை எழுதுகிறவர் உத்தியோகத்தர், முடிவெடுப்பவர் நீதவான். அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் வேறு முடிவெடுக்கலாம். விற்க முடியாத ஒரு பொருளை உங்களுக்கு விற்கப் பார்க்கிறார்கள். உத்தியோகத்தரே நேரில் காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழையுங்கள்.

வெசாக்குக்கு ஜனாதிபதி மன்னித்து விடுகிற கைதிகளின் பட்டியலில் பெயர் போடுகிறேன் என்று மறியலில் இருக்கிறவர்களின் வீடுகளுக்குப் போகிறவர்களும் இதே சாதிதான். 2025 வெசாக்கின்போது பட்டியலில் இல்லாத ஒரு கைதி அனுராதபுரம் சிறையிலிருந்து விடப்பட்டு, அது பிடிபட்டு, சிறை அதிகாரிகளே கைதானார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு புரோக்கர்மாருக்கு இன்னும் வாசி. ‘பாருங்கோ, செய்யலாம்தானே’ என்கிறார்களாம். விட்ட அதிகாரிகள் மறியலில் இருந்ததைச் சொல்கிறார்கள் இல்லை.

இப்போது நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய விஷயம். தங்கச்சி, எனக்கு நித்திரை வராத வரி அதுதான்.

ஒத்திவைத்த சிறை முடிந்த கதை அல்ல. உங்கள் தம்பிக்கு ஆறு மாதச் சிறை விதித்தாகிவிட்டது. அதை உடனே அனுபவிக்கத் தேவையில்லை என்று மட்டும்தான் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 303ஆம் பிரிவின்படி அந்த ஒத்திவைப்புக் காலம் ஐந்து வருடத்துக்குக் குறையாது. மூன்று வருடம்தான் ஆகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் குறைந்தது இரண்டு வருடம் இன்னும் மீதி இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் சிறை விதிக்கக்கூடிய இன்னொரு குற்றத்தைச் செய்து குற்றவாளியானால், அந்த ஆறு மாதம் எழும்பி வரும். தம்பி ஏற்கனவே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான்!

யாரைக் கேட்டு ஒப்புக்கொண்டான்? ‘ஒப்புக்கொண்டால் தண்டத்தோடு விட்டுவிடுவார்கள், தவணைக்கு அலையத் தேவையில்லை’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பொலிசாரும் சொல்வார்கள், கூட வந்தவர்களும் சொல்வார்கள். முதல் வழக்குக்காரனுக்கு அது பல நேரம் சரியாகத்தான் இருக்கும். ஒத்திவைத்த சிறை கழுத்தில் கிடக்கிறவனுக்கு அது சரியல்ல. இந்த வித்தியாசத்தை அடிபிடி வழக்கு முடிந்த அன்றைக்கே யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தீர்ப்பு வாசித்து முடிய ‘சரி, போகலாம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். பெடியன் விடுதலை என்று நினைத்து வாசலில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வருகிறான். ஐந்து வருடத்துக்கு என்ன செய்யக்கூடாது என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

மறைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அடிபிடி வேறு கோட்டில் நடந்திருந்தாலும் விரலடையாளம் மூலம் பழைய பதிவு வந்துசேரும். சில நேரம் பிந்தி வரும், அதனால் சிலர் தப்பியதும் உண்டு. அதை நம்பி இருந்தால், அறிக்கையில் ‘முன் குற்றம் இல்லை’ என்று எழுதிய உத்தியோகத்தரும் நம்பிக்கையை இழப்பார், நீதவானும் இழப்பார். தம்பி முதலில் சொல்வதும் பிறகு கண்டுபிடிக்கப்படுவதும் ஒன்றல்ல. ஒத்திவைப்பு இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டே சட்டத்தரணி ஒருவர் நீதவானுக்கு முன்னால் சொல்லக்கூடிய நியாயங்கள் இருக்கின்றன: பழைய வழக்கும் இதுவும் வேறு வகை, மூன்று வருடம் ஒழுங்காக உழைத்திருக்கிறான், வீடு அவன் உழைப்பில் ஓடுகிறது என்பன போல. ஆனால் அதை ஒரு சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். தம்பி தனியே கூண்டில் ஏறி நின்று சொல்ல முடியாது.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள், கிளிநொச்சியில் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாக எடுப்பார்கள். கூட்டம் இருக்கும், ஒருநாளில் முடியாது, இரண்டு தரம் அலைவீர்கள். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் சனம் மரத்தடிக்காரனிடம் போகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

மெசின் வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் பலர் விழுகிறார்கள். உத்தரவு கிடைத்த பிறகு காலபோக வெட்டு வரும். முதலாளி அம்பாறைக்கும் பொலநறுவைக்கும் மெசினை ஏற்றுவார். தம்பி சொல்லாமல் கொள்ளாமல் ஏறிப்போனால் மூன்று வேலை நாளைத் தவறவிடுவான், உத்தியோகத்தர் கோட்டுக்கு எழுதுவார், பிடியாணை வரும், கசிப்புக் குற்றத்துக்குத் தண்டனையைப் புதிதாக விதிக்கலாம். போகுமுன் உத்தியோகத்தரிடம் சொல்லி, நாட்களை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். பெரிய மாற்றமென்றால் நீதிமன்றத்தில் கேட்கலாம். வருத்தமென்றால் மருத்துவத் துண்டு. வாயால் சொன்னது கணக்கில் வராது.

வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால், இதுவும் ஒரு குற்றத்தீர்ப்புத்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நற்சான்றிதழைத் ‘துப்புரவாக’ எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவனும் மேலே சொன்ன மரத்தடிக்காரனின் உறவினன்தான்.

அடிபிடி வழக்கின் இலக்கம் உங்களிடம் இருக்கிறதா? பிணை எழுதிய தாள், தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு ஏதாவதில் இருக்கும். இல்லாவிட்டால் அந்தக் கோட்டின் பதிவாளர் அலுவலகத்தில் பெயரையும் வருடத்தையும் கொடுத்துக் கேட்கலாம். தீர்ப்புத் திகதி, ஒத்திவைப்பு எத்தனை வருடம் என்ற இரண்டையும் எழுதிக்கொண்டு சட்ட உதவிக்குப் போங்கள். தவணைக்கு முதல் நாள் போய் நிற்காதீர்கள். இந்தக் கிழமையே போங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு.