பெட்டிக்குள் எத்தனை சிடி? ஷ்ரேக்கர் வாங்குவோர் கேள்வி-பதில்

போன முறை ஒரு பதிலுக்கு நடுவே ஃபிரான்ஸ் ஷ்ரேக்கர் என்ற பெயரைச் சும்மா போட்டுவைத்தேன். தேன்கூட்டில் கல்லெறிந்த கதையாகிவிட்டது. வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றித்தான், அதிலும் பாதி புலம்பல். ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் இருக்கும் நம்மவர்களில் இத்தனை ஓபரா பைத்தியங்கள் இருப்பது எனக்கே புதுச் செய்தி.

பெயரே கேள்விப்படாதவர்களுக்காக: ஓபரா இசையமைப்பாளர், 1878-இல் மொனாக்கோவில் பிறந்து வியன்னாவில் படித்தவர். 1912-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அரங்கேறிய 'டேர் ஃபெர்னெ க்ளாங்' (தொலைவின் ஒலி) என்ற ஓபரா அவரை ஒரே இரவில் பெரிய ஆளாக்கியது. 1920-இல் வந்த 'டேர் ஷாட்ஸ்க்ரேபர்' (புதையல் தோண்டுபவன்) சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 50 நகர மேடைகளைப் பார்த்துவிட்டது. அதே ஆண்டு பெர்லின் இசைக் கல்லூரிக்கு இயக்குநரானார். தந்தை யூதர். போதாதா? 1932-இல் யூத எதிர்ப்பாளர்கள் நெருக்கடி கொடுத்துக் கல்லூரியிலிருந்து விலகவைத்தார்கள், 1933-இல் கையில் மிஞ்சியிருந்த பதவியும் போனது, 1934 மார்ச்சில் மனிதரே போய்விட்டார். பிறகு பல பத்தாண்டுகளுக்கு அவரைச் சீண்ட ஆளில்லை. அதனால் ஒலிப்பதிவுகள் குறைவு, கடையில் கிடைப்பவை அதைவிடக் குறைவு. விளம்பரத்தில் 'அரிது' என்று ஒரு சொல்லைப் பார்த்ததும் நம் கை தானாகப் பணப்பைக்குப் போகிறது. அங்கேதான் வினை.

கேள்வி: ஷ்ரேக்கரின் 'டீ கெட்ஸைஹ்னெட்டன்' (குறியிடப்பட்டவர்கள்) வாங்க ஆசை. இரண்டு சிடி உள்ள பெட்டி 9 யூரோ, மூன்று சிடி உள்ளது 38 யூரோ. ஒரே ஓபராவுக்கு எதற்கு நான்கு மடங்கு? (வாசகர், டோர்ட்முண்ட்)

பதில்: ஒரே ஓபரா இல்லை. கணக்கு எளிது. ஒரு சிடியில் சுமார் 80 நிமிடம் அடங்கும். இரண்டில் 160. இந்த ஓபராவை முழுதாக வாசித்தால் அதைத் தாண்டிவிடும். ஆக, இரண்டு சிடிக்குள் அடக்கியிருக்கிறார்கள் என்றால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது என்று பொருள். இசை நடத்துநர் கெர்ட் ஆல்பிரெக்ட் 1984-இல் சால்ஸ்பர்க்கில் நடத்திய நிகழ்ச்சியின் பதிவு அப்படிப்பட்டது. வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வெட்டிய பிரதி என்று தெரிந்து வாங்க வேண்டும்.

முழுதாக வேண்டுமானால் லோதர் ஸாக்ரோஸெக் பெர்லின் டாய்ச்செ சிம்ஃபோனி இசைக்குழுவோடு 1990-களில் டெக்கா நிறுவனத்துக்குப் பதிவு செய்தது. நாஜிகள் 'சீர்கெட்ட இசை' என்று முத்திரை குத்தி ஒதுக்கியவற்றை மீட்டெடுத்த வரிசையில் வந்தது. என் கட்சி இதுதான். 2005 சால்ஸ்பர்க் மேடையேற்றம் டிவிடியாக இருக்கிறது. கென்ட் நகானோ நடத்தியது. பாறையைக் குடைந்த அரங்கம், அதில் விழுந்து கிடக்கும் மாபெரும் சிலை, பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அதிலும் வெட்டு உண்டு, சொல்லிவிட்டேன்.

இவ்வளவு பேசுகிற நான் முதலில் வாங்கியது எது என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டீர்கள், சரி: இரண்டு சிடி பெட்டிதான். மலிவு என்று மார்தட்டிக்கொண்டு வந்தேன். முழு ஓபராவும் இதுதான் என்று நம்பி ஓராண்டு கேட்டேன். அப்புறம் மூன்று சிடி பெட்டியும் வாங்கினேன். ஆக மலிவானது எனக்கு 9 யூரோ நட்டம்.

கேள்வி: இணையக் கடையில் ஷ்ரேக்கரின் 'இர்ரெலோஹெ' ஓபரா சிடி வாங்கினேன். உறையைப் பிரித்து முதல் அங்கம் கேட்டேன். பிடிக்கவில்லை. 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்தானே? (வாசகி, கொலோன்)

பதில்: முடியாது. மூடிய உறையைப் பிரித்த சிடிக்கு அந்த உரிமை கிடையாது.

கேள்வி: ஷ்ரேக்கரின் 'ஃப்ளாமென்' (தீச்சுடர்கள்) தேடிக் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டால் ஜாஸ் மாதிரி ஏதோ ஒலிக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார். என்ன செய்யலாம்? (வாசகர், ஹனோவர்)

பதில்: உறையை இன்னொரு முறை படியுங்கள். உங்களை ஏமாற்றியது உங்கள் அவசரம்தான். 'ஃப்ளாமென்' என்ற பெயரில் இரண்டு ஓபராக்கள் உண்டு. ஷ்ரேக்கருடையது மாணவப் பருவம் தாண்டிய கையோடு எழுதிய ஓரங்க ஓபரா, சிபிஓ நிறுவனம் வெளியிட்டது. உங்கள் கையில் இருப்பது எர்வின் ஷுல்ஹாஃப் எழுதிய டான் யுவான் கதை, 1932-இல் ப்ர்னோவில் அரங்கேறியது. ஜான் மௌசெரி நடத்தி அதே டெக்கா வரிசையில் வந்தது. பெட்டியின் தோற்றமும் உறவுமுறைக்காரர் போலவே இருக்கும், அதனால் குழப்பம் வருவது எனக்கும் புரிகிறது. ஆனால் இசையமைப்பாளர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறதே ஐயா!

திருப்பிக் கொடுக்க அலையாமல் வைத்துக் கேளுங்கள். ஷுல்ஹாஃப் 1942-இல் நாஜிகளின் சிறை முகாமில் செத்தவர். அவரையும் யாராவது தவறுதலாகவாவது வாங்கட்டும்.

கேள்வி: 'ஷ்ரேக்கர்: எல்லா ஓபராக்களும், 18 சிடி, சேகரிப்போர் பதிப்பு' என்ற விளம்பரத்தைப் பார்த்து 140 யூரோ பேபாலில் கட்டினேன். ஓய்வூதியத்தில் சேர்த்த பணம். வந்தது அழகான அட்டைப் பெட்டி. ஆனால் சிடிகளின் அடிப்பக்கம் நீலப் பச்சையாக இருக்கிறது, சிலவற்றில் பார்வையாளர் இருமல் கேட்கிறது, ஒன்று வேறு யாருடைய ஓபராவோ. விற்றவர், 'உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், யோசிக்கிறேன்' என்கிறார். (வாசகி, பாரிஸ்)

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. தேடித் தேடிக் கிடைக்காத ஒன்று மொத்தமாகக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். அந்த ஆளும் அதை நம்பித்தான் கடை விரித்திருக்கிறார்.

உங்களிடம் இருப்பது வீட்டுக் கணினியில் எரித்த சிடி. ஆலையில் அச்சடித்த சிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும், நடு வளையத்தில் பொறித்த எண் இருக்கும். எரித்த சிடியில் சாயப் பூச்சு இருப்பதால் நீலமோ பச்சையோ அடிக்கும். (சில நேர்மையான நிறுவனங்களும் பழைய பதிவுகளைக் கேட்கும்போது எரித்துத் தருகின்றன. அவை முன்கூட்டியே அதைச் சொல்லிவிடும்.) ஷ்ரேக்கர் ஓபராக்கள் டெக்கா, கேப்ரிச்சியோ, சோனி, சிபிஓ என்று ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தால் சந்தேகப்பட வேண்டும். இது உங்களைக் குறை சொல்ல இல்லை, அடுத்தவருக்காக.

இப்போது செய்ய வேண்டியது: விற்றவரோடு பேச்சை நிறுத்துங்கள். எல்லா சிடிகளின் அடிப்பக்கத்தையும், பெட்டியையும், விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள். விளம்பரம் மறைவதற்குள் அதை முதலில் எடுங்கள். பேபாலில் 'சொன்னதுபோல் இல்லை' என்று புகார் போடுங்கள். பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை போடலாம், ஆனால் இன்றே போடுங்கள். பேபால் கேட்காமல் எதையும் திருப்பி அனுப்பாதீர்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 'நண்பர்களுக்கு அனுப்புதல்' என்ற வழியில் கட்டியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நான் ஒருமுறை அப்படி 30 யூரோ அனுப்பினேன், கட்டணம் மிச்சம் என்று விற்பவர் குழைந்ததால். அந்த 'நண்பர்' இன்றுவரை பேசவில்லை. முடிவு என்னவானாலும் எழுதுங்கள் அம்மா.

கேள்வி: இணையத்தில் வாங்கிய 'ஷாட்ஸ்க்ரேபர்' பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மனம் மாறிவிட்டது. 14 நாள் விதி எனக்கு உண்டா? (வாசகர், சூரிக்)

பதில்: அது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. சுவிஸ் சட்டத்தில் இணையக் கொள்முதலுக்கு அப்படிப் பொதுவான உரிமை இல்லை. கடையின் சொந்த நிபந்தனையைப் படியுங்கள். வாங்கும் முன் படித்திருக்கலாம்.

கேள்வி: லண்டனிலிருந்து 20 யூரோவுக்கு வாங்கிய சிடிக்கு வாசலில் தபால்காரர் இன்னும் பத்து யூரோ கேட்டார். மோசடியா? (வாசகர், பெர்லின்)

பதில்: இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டது. இறக்குமதி வரி 19 சதவீதம், அதோடு வரியைக் கட்டிக் கொடுத்ததற்கு அஞ்சல் நிறுவனத்தின் கட்டணம். சிறு பொதிகளுக்கு இருந்த விலக்கும் 2021 ஜூலையோடு முடிந்தது.

கேள்வி: 'டேர் ஃபெர்னெ க்ளாங்' மறுபதிப்பு பாதி விலையில் கிடைத்தது. பாடல் வரிகள் இல்லை. கையேடு நான்கே பக்கம். பரவாயில்லையா? கதையை இணையத்தில் படித்துக்கொள்ளலாமே? (வாசகி, மியூனிக்)

பதில்: பரவாயில்லை என்று யார் சொன்னது? எனக்கு இதில் பழைய கோபம் ஒன்று உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷ்ரேக்கர் இசை மட்டும் எழுதியவர் இல்லை. தன் ஓபராக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தானே வரிகளையும் எழுதினார். 'கெட்ஸைஹ்னெட்டன்' கதையே ஸெம்லின்ஸ்கி என்ற இன்னொரு இசையமைப்பாளர் தனக்காக எழுதித் தரச் சொன்னது. எழுத எழுதப் பிடித்துப்போய், ஷ்ரேக்கர் தானே வைத்துக்கொண்டார். அப்படிப்பட்டவரின் ஓபராவை வரிகள் இல்லாமல் விற்பது, பிரியாணியில் கறியை எடுத்துவிட்டு அதே பாத்திரத்தில் பரிமாறுவது மாதிரி.

'ஃபெர்னெ க்ளாங்' முதல் அங்கத்தில் ஒரு குடிகார அப்பன் சூதாட்டத்தில் தன் மகளைப் பணயம் வைத்துச் சத்திரக்காரனிடம் தோற்கிறான். இது தெரியாமல் கேட்டால் நாலு ஆண்கள் குடித்துவிட்டுக் கத்துகிறார்கள் என்றுதான் தோன்றும். இரண்டாம் அங்கம் வெனிஸ் அருகே ஒரு கேளிக்கை விடுதி. மேடைக்குள் பேச்சு, வெளியே தண்ணீரில் பாட்டு, இன்னொரு பக்கம் ஜிப்ஸி வாத்தியம், எல்லாம் ஒரே நேரத்தில். யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்று வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனால்தான் அந்த அடுக்குகள் பிரிந்து தெரியும். அந்தக் காலத்தில் இதன் பியானோப் பிரதியை (பாட்டு அப்படியே இருக்க, வாத்தியங்களைப் பியானோவுக்குச் சுருக்கிய பிரதி) தயாரித்தது பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஆல்பன் பெர்க். அவருக்கே அது லேசான வேலையாக இருந்திருக்காது. உங்களுக்கும் எனக்கும் நான்கு பக்கக் கையேடு போதுமாம்!

'வரிகள் எங்கள் இணையதளத்தில் உள்ளன' என்று பின்னட்டையில் போட்டிருப்பார்கள். என்னிடம் அப்படி ஏழெட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. பாதி முகவரிகள் இன்று திறப்பதில்லை. தாள் மிச்சம் பிடித்த காசு விலையில் குறைந்திருக்கிறதே என்பீர்கள். குறைந்தது உண்மை. ஆனால் வரிகள் இல்லை என்பதை முன்னட்டையில் போட்டுக் குறைக்கட்டும். கதைச் சுருக்கம் வரிகளாகாது. ஜெர்மன் தெரிந்த நமக்கு மொழிபெயர்ப்புகூட வேண்டாம், மூலம் இருந்தால் போதும். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது, அச்சிட ஒரு சென்ட்கூடக் காப்புரிமைக்குப் போகாது. அப்படியிருந்தும் போடமாட்டார்கள்.

உங்களுக்கு வழி: காப்புரிமை முடிந்த இசைப் பிரதிகளை இலவசமாகத் தரும் இணைய நூலகங்களில் இந்த ஓபராவின் பியானோப் பிரதியைத் தேடுங்கள். அதில் எல்லா வரிகளும் இருக்கும். அல்லது பழைய முதல் பதிப்புப் பெட்டியைத் தேடுங்கள், தடித்த கையேட்டோடு. வாங்கும் முன் 'கையேடு எத்தனை பக்கம்?' என்று கேளுங்கள். பதில் சொல்லாத விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: 'ஷாட்ஸ்க்ரேபர்' ஆல்பிரெக்ட் பதிவு நல்லது என்றார்கள். வாங்கினேன். நண்பர் வீட்டிலும் 'ஆல்பிரெக்ட்'. ஆனால் பாடகர்கள் வேறு. எது போலி? (வாசகர், லியோன்)

பதில்: இரண்டும் அசல். ஹாம்பர்க்கில் நடத்தியது கெர்ட் ஆல்பிரெக்ட், ஆம்ஸ்டர்டாமில் நடத்தியது மார்க் ஆல்பிரெக்ட். அப்பா-மகன் இல்லை.

கேள்வி: அதே 'ஃபெர்னெ க்ளாங்'. மார்கோ போலோ நிறுவனத்தின் பெட்டி ஒன்று இருந்தது. நாக்ஸோஸ் நிறுவனத்தின் பெட்டியும் வாங்கினேன், ஒப்பிட்டுக் கேட்க. வித்தியாசமே தெரியவில்லை. காதில் கோளாறா? (வாசகர், பாஸல்)

பதில்: காது பிரமாதம். இரண்டும் ஜெர்மனியின் ஹாகன் நகரில் மைக்கேல் ஹாலாஸ் நடத்திய ஒரே பதிவு, அட்டை மட்டும் மாறியிருக்கிறது.

கேள்வி: தேடினால் எதுவுமே கிடைப்பதில்லையே! மலிவாகக் கிடைக்க ஏதாவது தந்திரம்? (வாசகர், எஸ்ஸன்)

பதில்: ஒன்று உண்டு. Schreker என்ற பெயரில் 'கே'க்கு முன்னால் ஒரு 'சி' கூட்டி Schrecker என்றும் தேடுங்கள். ஷ்ரேக்கரின் அப்பா அப்படித்தான் எழுதினார், மகன்தான் அந்த எழுத்தைக் கழற்றிவிட்டார். விவரம் தெரியாத விற்பவர்கள் இன்றும் பழையபடி எழுதிப் போடுகிறார்கள், அந்த விளம்பரங்களை யாரும் பார்ப்பதில்லை. இதை வெளியே சொன்னதற்கு நானே வருத்தப்படுவேன்.

கேள்வி: சந்தையில் பழைய பெட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி, பிரேமன்)

பதில்: திறந்து பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் திறப்பதில்லை.

1980-களின் தடித்த பெட்டிகளில் சிடி ஆடாமலிருக்க நுரைப்பஞ்சு வைத்தார்கள். அது காலப்போக்கில் மக்கி, சிடியின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். சுரண்டினால் மேல்பூச்சும் சேர்ந்து வரும். பஞ்சு நன்றாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் தூக்கிப் போடுங்கள். அப்புறம் ஓரம். 80-களின் கடைசி, 90-களின் தொடக்கத்தில் அச்சான சில சிடிகள் ஓரத்திலிருந்து பித்தளை நிறமாக மாறும். அப்படி இருந்தால் கடைசிப் பாட்டுகள் முதலில் போகும், ஏனென்றால் சிடி உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. ஓபராவில் கடைசிப் பாட்டு போனால் என்ன மிச்சம்?

மூன்றாவதாக, ஒவ்வொரு சிடியின் எண்ணையும் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மழை தூறியது, விற்பவர் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். நானும் அவசரமாக 'கெட்ஸைஹ்னெட்டன்' பெட்டியைத் திறந்து, மூன்று சிடி இருக்கிறது என்று எண்ணிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். நண்பருக்குப் பரிசாக. ஏழு மாதம் கழித்து அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: இரண்டாம் அங்கம் ஏன் இரண்டு முறை வருகிறது?

பெட்டியில் இருந்தது ஒன்று, இரண்டு, இரண்டு. அப்படியென்றால் எங்கோ ஒரு பெட்டியில் ஒன்று, மூன்று, மூன்று இருக்க வேண்டும். வைத்திருப்பவர் எழுதுங்கள், தபால் செலவு என்னுடையது.