கவசத்தைக் கழற்றினால்தான் வேலை ஓடுமா?

கேள்வி: டிராக்டரிலிருந்து ரொட்டவேட்டருக்கு (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) விசையைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறை கிரீஸ் அடிக்க இடைஞ்சலாக இருக்கிறது. ஒரு போகத்திலேயே கிழிந்தும்விடுகிறது. அது இல்லாமல் ஓட்டினால் என்ன? – மன்னார்குடி வாசகர்

பதில்: வேண்டாம். ஷாஃப்ட் சுற்றும் நிமிடத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. கைலி முனை மாட்டினால் ஒரு நொடியில் ஒன்றரை மீட்டர் துணியைச் சுருட்டிவிடும்; முழுக் கைலியே இரண்டு மீட்டர்தான். துணியைப் பிடிப்பது வழவழப்பான குழாய் அல்ல, குறுக்கு ஜாயின்ட்டில் துருத்தும் கிரீஸ் நிப்பிளும் லாக் பின்னும்தான். அதனால் டிராக்டர் பக்கத்துத் தகரக் கவசமும் இருந்தாக வேண்டும். அதன்மேல் ஏறி நின்றே பலர் அதை நெளித்துவிடுகிறார்கள்.

உறை கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஓட்டும் விதம். வரப்பருகே திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமல் ரொட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கினால் ஜாயின்ட் அளவுக்கு மீறி மடங்கும். ‘கடகட’ சத்தம் கேட்பது அப்போதுதான். கத்தி தரையைவிட்டு ஒரு சாண் எழும்பினால் திரும்பப் போதும். லிஃப்ட் லிவரின் ஸ்டாப்பரை அந்த உயரத்தில் முறுக்கி வைத்துவிடுங்கள். உறையோடு ஜாயின்ட்டும் பிழைக்கும்.

கிரீஸுக்கு: இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நிப்பிள் வெளியே தெரியும்வரை ஷாஃப்ட்டைக் கையால் திருப்புங்கள். நீளக் குழாய் போட்ட கிரீஸ் கன் இருந்தால் உறைக்குள் எட்டும். உறையின் இரு முனைகளிலும் உள்ள நைலான் வளையங்களுக்கும் கொஞ்சம் வையுங்கள். அவை காய்ந்தால் உறை ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும், அப்புறம் அது இருந்தும் இல்லாததுதான். ஷாஃப்ட் நிற்கும்போது உறை மட்டும் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், அதுதான் சோதனை. உறை சுற்றாமல் பிடித்து நிறுத்தும் சங்கிலியை, ரொட்டவேட்டரைத் தூக்கி இறக்க இடம் விட்டு மாட்டுங்கள்.

கேள்வி: கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு வயலைச் சேறாக்கித் தொழி அடிக்கும்போது டிராக்டர் புதைந்துவிட்டால், சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கிறோம். ஆபத்து என்கிறார்களே? – திருவாரூர் வாசகர்

பதில்: ஆபத்துதான், அதுவும் பெரிய ஆபத்து. பின்சக்கரம் சுற்ற முடியாமல் கட்டையில் முட்டி நின்றால், இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகாமல் டிராக்டரின் முகப்பைத் தூக்கும். எழும்பிய முன்சக்கரம் மீள முடியாத நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதித்துவிடலாம் என்று நம்பாதீர்கள், கால் போவதற்குள் முடிந்துவிடும்.

புதைந்த உடனே ஆக்சிலரேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். முடிந்தால் ரொட்டவேட்டரைக் கழற்றிவிடுங்கள், ஆறடி என்றால் 400 கிலோவை ஒட்டி எடை குறையும். சக்கரத்துக்குப் பின்னால் சேற்றைச் சரிவாக வெட்டி, முதல் ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். ரிவர்ஸில் அதே விசை முகப்பைக் கீழே அழுத்தும். ஆக்சிலே சேற்றில் உட்கார்ந்துவிட்டால் இன்னொரு டிராக்டர்தான் வழி. இழுக்கிற டிராக்டரில் சங்கிலியைப் பின்னால் கீழேயுள்ள டிராபாரில் (இழுவைக் கம்பி) மட்டும் மாட்டுங்கள். மேலேயுள்ள டாப் லிங்க் இடத்தில் மாட்டினால் இந்த முறை கவிழ்வது உதவிக்கு வந்த டிராக்டர். சங்கிலிக்குப் பதில் நைலான் கயிறு வேண்டாம்; அது ரப்பர்போல நீண்டு, அறுந்தால் கொக்கியோடு திரும்பி அடிக்கும். வேடிக்கை பார்ப்பவர்களை வரப்புக்கு அப்பால் அனுப்பிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். சங்கிலி இறுகும்வரை நகர்ந்து, பிறகு இழுங்கள். வெட்டி இழுக்காதீர்கள்.

கேள்வி: சாவியில் ஸ்டார்ட் ஆகாதபோது கீழே நின்று ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டரைத் தொட்டு எடுக்கலாமா? – பண்ருட்டி வாசகர்

பதில்: கூடாது. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று வைத்த சுவிட்சைத் தாண்டிவிடுகிறீர்கள். கியரில் இருந்தால் டிராக்டர் உடனே நகரும். நீங்கள் நிற்பதோ பின் டயருக்கு முன்னால். பேட்டரி முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா, எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வாஸலின் தடவினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். அப்படியும் வரவில்லையென்றால் கிளட்ச் சுவிட்சைச் சோதித்து, பழுதென்றால் மாற்றுங்கள்.