கலிஃபோர்னியாவில் சர்ச் தன் காலி நிலத்தில் குறைந்த வாடகை வீடு கட்டலாமா?

கட்டலாம். முன்பெல்லாம் நிலம் இருந்தும் பயனில்லை. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதி, பெரும்பாலும் அடுக்குமாடிக்கு இடம் தராது. விலக்கு கேட்டால் அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை, சுற்றுச்சூழல் வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 2023இல் நிறைவேறிய எஸ்.பி. 4 (செனட் மசோதா 4) என்ற மாநிலச் சட்டப்படி, நிபந்தனைகளுக்குப் பொருந்தும் திட்டத்துக்கு நகராட்சி அனுமதி தந்தே ஆகவேண்டும். மசூதி, கோயில், லாப நோக்கற்ற தனியார் கல்லூரிக்கும் இதே சலுகைதான். ஆனால் 2024 ஜனவரி 1க்குள் நிலம் அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். வாடகை வீடுகளில் 55 ஆண்டுகளுக்கு வாடகை கட்டுப்படியாகும் வரம்புக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஞாயிறு மட்டும் நிரம்பும் கார் பார்க்கிங்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். பணம்? அதைச் சட்டம் தராது. நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடுவார்கள். கட்டுபவர் குறைந்த வாடகை வீடுகளுக்கான வரிச்சலுகையைக் காட்டி முதலீடு திரட்டுவார். என்னைக் கேட்டால், கட்டட வரைபடத்துக்கு முன்பே குத்தகைப் பத்திரத்தை நல்ல வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.