பின்கட்டில் தோட்டமும் கோழியும்: இரண்டையும் எப்படி ஒத்துப்போக வைப்பது?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. செம்மண், கொஞ்சம் சரளை. சென்ற ஆடியில் கத்தரி, வெண்டை, மிளகாய் வைத்தோம். பத்து நாட்டுக்கோழிகளும் வாங்கி விட்டோம். கோழிகள் பாத்தியைக் கிளறி நாற்றுகளைச் சாய்த்துவிட்டன. தப்பிய கத்தரிக்குக் கோழி எச்சத்தை அள்ளிப் போட்டோம். இலை ஓரமெல்லாம் கருகிச் செடி பட்டுப்போனது. மாசியில் ஒரே வாரத்தில் ஏழு கோழிகள் வெள்ளையாகக் கழிந்து செத்துவிட்டன. ஏதாவது ஒன்றை விட்டுவிடலாம் என்கிறார் கணவர். இரண்டும் வேண்டும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: நான் உங்கள் மாமியார் பக்கம். ஐந்து சென்ட் என்றால் ஏறக்குறைய 2,180 சதுர அடி. தண்ணீர் வசதி இருந்தால் ஒரு குடும்பத்துக்கான காய்கறிக்கும் பத்துக் கோழிக்கும் அது தாராளம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விட்டதுதான் உங்களுக்கு வினையாக முடிந்தது.

முதலில் செத்த கோழிகளைப் பற்றிப் பேசிவிடுவோம். தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்பதால் அந்த வரியைப் படித்தபோது மனம் கனத்தது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வெள்ளைக் கழிச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ராணிக்கேட் நோய் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இமயமலைப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. கோழி இறகைத் தொங்கப்போட்டு உறங்கி வழியும், வாயைத் திறந்து மூச்சுவிடும், சிலவற்றுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பூசியைத் தவறவிடுவதுதான் ஒவ்வொரு கோடையிலும் ஊர் ஊராகக் கோழிகளைக் காலி செய்கிறது.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் லசோட்டா அல்லது எஃப்1 தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். நான்காம் வாரம் மீண்டும் ஒரு முறை லசோட்டா. எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி, இறக்கையின் அடித்தோலில். அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கம் செய்துவிட வேண்டும். வயிற்றில் பூச்சியோடு இருக்கும் கோழிக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. மருந்தைப் பனிக்கட்டி வைத்த பிளாஸ்க்கில் எடுத்து வந்து, வெயில் ஏறுவதற்கு முன்பே போட்டு முடியுங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் நடத்துகிறது. கட்டணம் இல்லை. உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்தில் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய மூன்று கோழிகள் நோயைத் தாண்டி வந்தவை என்றாலும், அவற்றோடு இப்போதைக்குப் புதுக் குஞ்சுகளைச் சேர்க்காதீர்கள். கூட்டைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். இனிச் சந்தையிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் இரண்டு வாரமாவது தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். செத்த கோழியை ஊருணிக் கரையில் வீசுவது அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் நோயைக் கொடுப்பதாகும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

கத்தரி கருகியதற்கு எச்சத்தின் சூடுதான் காரணம். கோழிக்குச் சிறுநீர் தனியாகப் பிரிவதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். ஈரம் பட்டதும் அது அம்மோனியாவாக மாறும். மூடிய கூட்டைக் காலையில் திறக்கும்போது கண் எரிகிறதல்லவா, அந்த எரிச்சலைத்தான் கத்தரி வேரும் பட்டது. ஒரு கூடை எச்சத்துக்கு மூன்று கூடை காய்ந்த இலைச் சருகு என்ற கணக்கில் மாற்றி மாற்றி அடுக்கி, பிழிந்தால் ஒரு சொட்டு வரும் அளவுக்கு நனைத்து, இடுப்பளவு உயரத்துக்குக் குவியுங்கள். நாலைந்து நாள் கழித்துக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பாருங்கள். உள்ளே வைத்திருக்க முடியாதபடி சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் நோய்க் கிருமியும் களை விதையும் சாகின்றன. சுடவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை, அல்லது சருகு அதிகமாகிவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெளியில் இருப்பது உள்ளே போகும்படி புரட்டுங்கள். மூன்று மாதத்தில் எச்ச நாற்றம் போய் மழை பெய்த மண் வாசனை வரும். அப்போது எடுத்துச் செடிக்கு இரண்டு கை வைக்கலாம். ஈரம் நிற்காத நம் சரளைச் செம்மண்ணுக்கு இதைவிட நல்ல உணவு இல்லை. குவியல் வெந்து முடியும்வரை கோழிகளை அதன் பக்கம் விடாதீர்கள்.

இனி இடத்தை இரண்டாகப் பிரியுங்கள். நடுவில் ஐந்தடி உயரத்துக்கு நைலான் வலை. அடியில் அரையடி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி நன்றாகப் பறக்கும் என்பதால் ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் நறுக்கிவிடுங்கள், வலிக்காது. ஒரு பாதியில் கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தவரை. மறுபாதியில் பந்தல் போட்டுப் புடலை, பீர்க்கு, பாகல், அவரை. கொடி பந்தலில் ஏறும்வரை தூரைச் சுற்றி முள்ளை வளைத்து வையுங்கள். ஏறிவிட்டால் கீழே கோழிகளை விடலாம். நிழலுக்கு நிழல், உதிரும் புழுவும் பூச்சியும் அவற்றுக்குத் தீனி. கத்தரி ஓய்ந்ததும் அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று வாரம் கோழிகளைத் திறந்துவிடுங்கள். சென்ற ஆண்டு உங்களைக் கலங்கடித்த அதே கிளறல் அப்போது மண்வெட்டி வேலையைச் செய்துவிடும். கூட்டுப்புழுக்களைத் தோண்டித் தின்றுவிடும். அதன் பிறகு அங்கே உடனே கீரை விதைக்காதீர்கள். மண்ணை ஒட்டி வளர்வதற்கு நான்கு மாத இடைவெளி வேண்டும்.

கோழி உலவும் தோட்டத்தில் கடை மருந்து அடிப்பதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் என்று இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டித் துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் போதும்.

தீனிக்கு நான் மிகவும் விரும்பும் வழி ஒன்று உண்டு. பழைய மண்பானைக்குள் கிழிந்த சணல் சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டுகளைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் நிமிர்த்தினால் சாக்கு முழுக்க வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருக்கும். குஞ்சுகளுக்கு முன்னால் உதறுங்கள். தாய்க்கோழி கொக்கரித்து அழைப்பதற்குள் தீர்ந்துவிடும். காசில்லாத புரதம் அது. ஆனால் மரச்சாமான், தேக்குத் தூண் இருக்கும் வீட்டுச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி, தோட்டத்தின் கடைக்கோடியில் வையுங்கள். செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. வெண்டைக்காய் மண்டிக்கு (அரிசி கழுநீரில் செய்யும் செட்டிநாட்டுக் குழம்பு) எடுத்தது போக மிஞ்சும் அரிசி கழுநீரும் காய்கறித் தோலும் கோழிக்கு நல்லவை. மீந்த குழம்பு, ஊறுகாய், கருவாட்டுத் தலை வேண்டாம். அதிக உப்பு கோழிக்கு நஞ்சு. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கும் அப்படியே.

இப்போது சித்திரை. எருக் குவியலை இந்த வாரமே போட்டுவிடுங்கள், ஆடிக்குத் தயாராகிவிடும். நாற்றும் பந்தலும் ஆடியில். குஞ்சுகளை ஆவணியில் வாங்கினால் எட்டாம் வார ஊசி ஐப்பசியில் விழும்; கனமழைக்குள் இறகும் கட்டிவிடும். இடையில் சந்தேகம் வந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்கு அதிகத் தூரமில்லை; பாதித்த இலையையோ மண்ணையோ கையில் எடுத்துக்கொண்டே போங்கள். பிப்ரவரி முகாமில் மறுபடி ஒரு தடுப்பூசி. ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் பெட்டைகள் முட்டைக்கு வரும். முதல் இரண்டு வாரத்து முட்டைகள் சிறியவையாக இருக்கும். அவற்றை அடைக்கு வைக்காமல் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள்.