யூனிட்டுக்கு முப்பது பைசா கொடுக்கலாமா?

கேள்வி: அனல்மின் நிலையங்களில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைத்தால் கரண்ட் பில் ஏறும் என்கிறார்களே, அது தேவைதானா? (வாசகி, எண்ணூர்)

பதில்: கட்டாயம் தேவை என்பேன். 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டு 2 வருட கெடு வைத்தது, அப்புறம் கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது ஒரு காரணம். உண்மைதான், ஆனால் எரிப்பது மலைமலையாக அல்லவா?

சரி, கணக்குக்கு வருவோம். இந்தக் கருவியால் யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா கூடும் என்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு அதிகபட்சம் 120 ரூபாய். குழந்தைக்கு இளைப்பு வந்து ராத்திரி நெபுலைசர் வைக்க ஒருமுறை ஓடினாலே அதற்கு மேல் போய்விடும், ஆனால் அந்தச் செலவு எந்த மின்வாரியக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மொட்டை மாடித் துணியில் படிகிற சாம்பலை இந்தக் கருவி பிடிக்காது, அதற்கு வேறு வடிகட்டி. இது சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் பீய்ச்சிக் கந்தகத்தை ஜிப்சமாக்கும், அந்த ஜிப்சம் சிமென்ட்டுக்குப் போகும். பிடிக்காமல் விட்டால் அதே கந்தகம் காற்றில் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் நுரையீரலுக்குள் இறங்கும்.

அமெரிக்காவில் காற்று மாசைக் குறைக்க 1990இல் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களைக் கணக்குப் பார்த்தபோது, 2020இல் செலவு 6,500 கோடி டாலர், பலன் சுமார் 2 லட்சம் கோடி டாலர் என்று வந்தது.