சப்ளை இருந்தும் 89எஸ்52 சர்க்யூட் ஸ்டார்ட் ஆகவில்லை, சிப் போய்விட்டதா?

ஜீரோ போர்டில் (வெறும் ஓட்டைகள் மட்டும் உள்ள போர்டு) 8051 வகை மைக்ரோகன்ட்ரோலர் சிப்பான 89எஸ்52 வைத்து எல்இடி பிளிங்க் ஆகிற மாதிரி ஒரு சர்க்யூட் போட்டிருக்கிறீர்கள். புரோகிராம் பர்ன் ஆகி வெரிஃபையும் ஓகே. பவர் கொடுத்தால் எதுவும் நடக்கவில்லை. கடைக்காரர் சிப் போயிருக்கும், வேற வாங்கிக்கோ என்கிறார். இதுதானே விஷயம்?

சிப் பெரும்பாலும் போயிருக்காது. வெரிஃபை ஓகே என்றால் சிப்புக்குள் எழுதியது அப்படியே திரும்பிப் படிக்க வருகிறது. செத்த சிப்பில் அது நடக்காது. ஒரு போர்ட் பின் மட்டும் எரிந்திருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். எரியலாம்தான், ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கோவையில் தறி, பம்ப் செட் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. 'சிப் போச்சு' என்று சொல்லி என் மேசைக்கு வருகிற போர்டுகளில் சிப் நன்றாக இருப்பதுதான் அதிகம்.

போன வருஷம் அக்கா பொண்ணு இறுதியாண்டு புராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் ரிவியூ. "சிப்பை மாத்தி மாத்திப் பாத்தாச்சுங்க மாமா, எதைப் போட்டாலும் போயிருது" என்றாள். காலேஜிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள். எதைப் போட்டாலும் போகிறது என்றால் கோளாறு சிப்பில் இல்லை, சிப்பைச் சுற்றி இருக்கிறது. இதை அந்தப் பிள்ளைக்கு அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அவள் கையிலேயே கொடுத்தேன். கறுப்பு புரோபை 20-ஆம் கால் மேலேயே வைக்கச் சொன்னேன், அதுதான் கிரவுண்டு. சிவப்பு 40-ஆம் காலில். 4.9 வோல்ட். சப்ளை சரி. அடுத்து 9-ஆம் கால், ரீசெட். பூஜ்யம். அதுவும் சரி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டுயினோ பழகிவிட்டு 8051 பக்கம் வருகிறவர்கள் ரீசெட்டை 10 கே போட்டு 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். ஆர்டுயினோவில் இருக்கும் ஏவிஆர் சிப்பில் அது சரி, அங்கே ரீசெட் கால் மேலே, அதாவது 5 வோல்ட்டில், இருந்தால்தான் சிப் ஓடும். 8051-இல் நேர் எதிர். மேலே இருந்தால் சிப் ரீசெட்டிலேயே கிடக்கும், எத்தனை சிப் மாற்றினாலும் கிடக்கும். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 5 வோல்ட்டுக்கும் ரீசெட்டுக்கும் நடுவில், 10 கே ரெசிஸ்டர் ரீசெட்டிலிருந்து கிரவுண்டுக்கு. பர்ன் பண்ணிய கேபிளைக் கழற்றாமல் விட்டாலும் சில புரோகிராமர்கள் ரீசெட்டை மேலேயே பிடித்துக்கொண்டிருக்கும். அதையும் பாருங்கள்.

அடுத்தது கிரிஸ்டல் ஓடுகிறதா என்பது. ஆஸிலோஸ்கோப் இல்லாமல் தெரியாது என்பார்கள். 8051-இல் தெரியும். 30-ஆம் கால், ஏஎல்ஈ. கிரிஸ்டல் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு வேகத்தில் இதில் பல்ஸ் வந்துகொண்டே இருக்கும், அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் மேலே இருக்கும். அதனால் சாதாரண மீட்டரில் சுமார் 1.7 வோல்ட் காட்டும். அவள் போர்டில் காட்டியது. கிளாக் ஓடுகிறது, சிப் உயிரோடு இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும்தான் பிள்ளை முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. உங்கள் போர்டில் இது 0-விலோ 5-லோ அசையாமல் நின்றால் கிரிஸ்டலுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் கெப்பாசிட்டரை எடுத்து எழுத்தைப் படியுங்கள். 33 பிகோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 104 (அதாவது 0.1 மைக்ரோஃபாரட்) போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு வட்டு, கடையில் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். 104 போட்டால் கிரிஸ்டல் ஓடவே ஓடாது.

சப்ளை, ரீசெட், கிளாக் மூன்றும் சரி. ஆனாலும் புரோகிராம் ஓடவில்லை. அப்போது 29-ஆம் காலைப் பார்க்கச் சொன்னேன். பிஎஸ்ஈஎன் என்று பெயர். வெளியில் இருக்கும் மெமரியிலிருந்து சிப் புரோகிராமைப் படிக்கும்போதுதான் இது துடிக்கும். உள்ளே இருக்கும் ஃபிளாஷிலிருந்து ஓடினால் 5 வோல்ட் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அவள் போர்டில் அந்த 5 வோல்ட்டில் ஏறக்குறைய பாதிதான் காட்டியது. அதாவது, சிப் இவள் பர்ன் பண்ணிய புரோகிராமைத் திரும்பியே பார்க்கவில்லை, போர்டில் இல்லாத வெளி மெமரியைத் தேடிக்கொண்டிருக்கிறது. அப்படிச் செய்யச் சொல்வது 31-ஆம் கால், ஈஏ. அதை 5 வோல்ட்டில் கட்ட வேண்டும்.

"31-ஐ 5 வோல்ட்டுக்குத்தானுங்க மாமா குடுத்திருக்கேன்" என்று போர்டைத் திருப்பிக் காட்டினாள். ஒயர் இருந்தது, ஈயமும் இருந்தது, அந்த ஈயத்தில் புரோபை வைத்தால் 4.9 வோல்ட்டும் இருந்தது. மேல் பக்கம் திருப்பி சிப்பின் காலிலேயே வைத்தபோது நிலையில்லாமல் ஏதேதோ எண் ஓடியது. லென்ஸ் வைத்துப் பார்த்தோம். சிப்பை மாட்டும் ஐசி பேஸின் அந்த ஒரு கால் ஓட்டைக்குள் இறங்காமல் பேஸுக்கு அடியிலேயே மடங்கிக்கொண்டிருந்தது. ஓட்டையை ஈயம் மூடியிருந்ததால் பார்வைக்கு நல்ல ஜாயின்ட் மாதிரியே இருந்தது. பேஸைக் கழற்றி வேறு போட்டோம், எல்இடி எரிய ஆரம்பித்தது. சந்தேகப்பட்ட பழைய சிப் ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்தோம், எல்லாம் ஓடின.

அதனால்தான் சொல்கிறேன், எந்த அளவையும் சிப்பின் காலிலேயே வைத்து எடுங்கள். டிராக்கில் எடுக்காதீர்கள், அடிப்பக்க ஈயத்தில் எடுக்காதீர்கள்.

இந்த வேலைக்கு வெளி ஆளிடம் காசு கேட்டால் என்ன நடக்கும் தெரியுமா? 'கொஞ்சம் ஈயம் வச்சதுக்கா இவ்வளவு?' என்பார்கள். புது போர்டு வாங்க ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருப்பவர், அரை நாள் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்தவனுக்குக் கூலி கொடுக்க மனசில்லாமல் நிற்பார். அதனால் எங்கள் தொழிலில் பலர் நல்ல ஐசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஐசிக்கு பில் போடுகிறார்கள். பொருளைக் கண்ணில் காட்டினால்தான் காசு வருகிறது. நான் அப்படிச் செய்ய மாட்டேன், ஆனால் செய்கிறவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

இந்தக் காலத்தில் 8051 யார் பயன்படுத்துகிறார்கள், ஈஎஸ்பி32 மாதிரி புது சிப்புக்குப் போ என்று அறிவுரை சொல்ல வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கேயும் இதே கதைதான். பவர் கொடுக்கும் நேரத்தில் ஜிபிஐஓ12 என்ற கால் மேலே இருந்தால், பெரும்பாலான மாட்யூல்களில் ஃபிளாஷ் மெமரிக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் போய் பூட் ஆகாமல் நிற்கும். அங்கேயும் சிப் போச்சு என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு சந்தேகம், உங்கள் எல்இடியை எப்படிக் கொடுத்திருக்கிறீர்கள்? போர்ட் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு என்றால் சிப் ஒழுங்காக ஓடினாலும் எரிவது கண்ணுக்குத் தெரியாது. 8051-இன் பின் வெளியே தள்ளும் கரன்ட் மைக்ரோஆம்பியர் கணக்குதான், உள்ளே இழுக்க மட்டும் 10 மில்லிஆம்பியர் வரை தாங்கும். 5 வோல்ட்டிலிருந்து 470 ஓம், எல்இடி, பிறகு பின் என்று மாற்றுங்கள், பின் 0 ஆகும்போது எரியும்.

40, 9, 30, 29, 31 ஆகிய ஐந்து கால்களிலும், சிப்பின் மேலேயே புரோபை வைத்து எடுத்த வோல்ட்டைக் கீழே எழுதுங்கள். அதுவரை அடுத்த சிப் வாங்க வேண்டாம்.